மூவர்ணமா, மூவண்ணமா? யார் அந்த மூவர்?

அச்சுக்கடை அக்கா:

சிம்மக்கல் பக்கம் சின்னதாக ஒரு டிடிபி கடை வைத்திருக்கிறேன். காதுகுத்து, வசந்த விழா, கண்ணீர் அஞ்சலி, எது வந்தாலும் செய்து கொடுப்பேன். ஆகஸ்ட் பிறந்தால் பள்ளிக்கூட வேலையும் வரும். இந்த வருடம் ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து வந்த தாளில் "மூவர்ணக் கொடி ஏற்றுதல், காலை 8.30" என்று எழுதியிருந்தது. அப்படியே அடித்து, பத்துக்கு ஆறு பிளக்ஸ் போட்டு, சுருட்டி அனுப்பிவிட்டேன். மறுநாள் அங்கிருந்து தமிழம்மா போன் செய்து, வர்ணம் வேண்டாம், மூவண்ணக் கொடி என்று மாற்றுங்கள் என்றார். சரி, அழைப்பிதழிலாவது மாற்றலாம் என்று மாற்றி புரூப் அனுப்பினால், தாளாளர் அதைச் சிவப்புப் பேனாவால் சுழித்து "முவ்வண்ணக் கொடி" என்று எழுதித் திருப்பி அனுப்புகிறார். பிளக்ஸ் காசு யார் தலையில் விடியும் என்பது தனிக்கதை, அதை இங்கே கேட்கவில்லை.

இதற்கு நடுவில் நாலாவது படிக்கிற என் மகள் கடைக்கு வந்து கம்ப்யூட்டரைப் பார்த்தாள். எழுத்தைப் பெரிதாக்கியதில் "மூவர்" மேல் வரியிலும் "ணக் கொடி" கீழ் வரியிலும் உடைந்து கிடந்தது. "மூவர்னா மூணு பேர்தானம்மா, யாரு அந்த மூணு பேரு?" என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தாலும், இத்தனை வருடமாக இந்தச் சொல்லை அடிக்கிறோமே, இது எங்கிருந்து வந்தது என்று ஒரு நாளும் யோசித்ததில்லையே என்று தோன்றியது.

அதனால் கேட்கிறேன். மூன்றில் எது சரி? இந்தச் சொல் நம்மிடம் முன்பே இருந்ததா, வெள்ளைக்காரன் சொன்னதை மொழிபெயர்த்துக்கொண்டோமா? இன்னொன்று, நடுவில் சக்கரம் நீலத்தில் இருக்கிறதே, எண்ணினால் நாலு நிறம் வருகிறதே? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். புரூப் நாளைக்குக் கொடுக்க வேண்டும்.

பேனர் பாண்டி:

அக்கா, நானும் உங்கள் தொழில்தான், ஆரப்பாளையம். காசு கொடுக்கிறவர் சொல்வதுதான் இலக்கணம். ஆனால் புரூப்பில் கையெழுத்து வாங்காமல் பிளக்ஸ் ஓட்டியது உங்கள் தப்பு.

மேலூர் வாத்தியார்:

முப்பது வருடம் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன், கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள் அம்மா.

முதலில் 'மூன்று'. இந்தச் சொல் இன்னொரு சொல்லோடு சேரும்போது வாலை உதிர்த்துவிடும். பெரும்பாலும் 'மு' என்று குறுகி, வருகிற மெய்யை இரட்டிக்கும்: முக்கனி, முத்தமிழ், முப்பால், முச்சந்தி. நகரம் வந்தால் முந்நூறு, முந்நீர். சில இடத்தில் குறுகாமல் 'மூ' என்றே நிற்கும்: மூவேந்தர், மூவுலகு, மூவாயிரம். வகரத்தில் தொடங்கும் சொல் வந்தால் இரண்டுக்கும் வழி உண்டு. முவ்வகை என்றும் எழுதுகிறோம், மூவகை என்றும் எழுதுகிறோம். ஆகவே உங்கள் தாளாளர் எழுதிய முவ்வண்ணம் பிழை இல்லை. பழைய இலக்கண வாசனை தூக்கலாக இருக்கிறது, அவ்வளவுதான். யாரோ பழைய புலவரிடம் படித்திருப்பார் போல.

அடுத்து வர்ணமும் வண்ணமும். வர்ணம் வடசொல். பிராகிருதத்திலும் பாலியிலும் அது 'வண்ண' என்று ஆகிவிடும், நம் வண்ணமும் அந்த வழியில் வந்தது என்றுதான் பொதுவாகச் சொல்கிறார்கள். தமிழ் எழுத்து மரபில் 'ர்' என்ற மெய்க்குப் பின்னால் 'ண' வந்து நிற்காது. நாக்குக்கு அது கரடுமுரடு. அதனால்தான் பூர்ணம் என்பதை நடுவில் ஓர் உயிரைச் செருகிப் பூரணம் ஆக்கிக் கொழுக்கட்டைக்குள் வைத்தோம், கர்ணனைக் கன்னன் என்றோம். வர்ணமும் அப்படியே வருணம் ஆனது, இன்னொரு பக்கம் வண்ணம் ஆனது. உங்கள் மகள் 'மூவர்' என்று நிறுத்தியதில் வியப்பே இல்லை. 'ர்ண' என்பது தமிழ்ச் சொல்லுக்குள் சாதாரணமாகப் பார்க்கிற கூட்டு இல்லை, குழந்தை கண் தனக்குத் தெரிந்த 'மூவர்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டது. தமிழம்மாவிடம் சொல்லுங்கள், இது மூவண்ணத்துக்குச் சாதகமான சாட்சி என்று.

வண்ணம் என்றால் நிறம் என்பது நேற்று வந்த பொருளும் இல்லை. திருக்குறளில் 714ஆவது குறளைப் பாருங்கள். அறிவுள்ளவர் முன்னால் ஒளியோடு இரு, விவரம் இல்லாதவர் முன்னால் 'வான்சுதை வண்ணம்' கொள், அதாவது வெள்ளைச் சுண்ணாம்பு நிறமாகிவிடு, ஒன்றும் தெரியாதவன் போல இருந்துகொள் என்கிறார். தாளாளர்களிடம் பேசும்போது நான் பல வருடம் கடைப்பிடித்த குறள் அது.

எது அடித்தாலும் க் ஒற்றை விட்டுவிடாதீர்கள். 'மூவர்ண கொடி' என்று மதுரை முழுக்கச் சுவரில் பார்த்துப் பார்த்து எனக்குக் கண் எரிகிறது.

தபால்தலைத் தாத்தா:

திருநகரில் இருக்கிறேன். சின்ன வயதிலிருந்து தபால்தலை சேர்க்கிற பைத்தியம், அதனால் கொடிப் பைத்தியமும் ஒட்டிக்கொண்டது. அக்காவின் இரண்டாவது மூன்றாவது கேள்விக்கு நான் வருகிறேன்.

வெளிநாட்டுச் சொல்லின் மூலம் லத்தீன். டிரை என்றால் மூன்று, கலர் நமக்குத் தெரிந்ததுதான். இரண்டும் சேர்ந்து டிரைகலர். இந்தச் சொல் பிறக்கும்போது கொடிக்குச் சம்பந்தமே இல்லை. மூன்று நிறமுள்ள எதையும் அப்படிச் சொல்லலாம். லின்னேயஸ் என்ற செடிநூல் அறிஞர் 1753இல் போட்ட பட்டியலில் அமராந்தஸ் டிரைகலர் என்று ஒரு செடி இருக்கிறது. வேறொன்றும் இல்லை, நம் தண்டுக்கீரை இனம். சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாக இலை விடுகிற ஜாதி அதில் உண்டு. மார்க்கெட்டில் கட்டுக்கட்டாக வாங்கிக் கடைந்து சாப்பிடுகிற கீரைக்கு இந்தப் பெயர் வந்து நாற்பது வருடம் கழித்துத்தான் பிரான்சின் கொடிக்கு அது சட்டப்படி ஒட்டுகிறது.

பிரெஞ்சுப் புரட்சி 1789. பாரீஸ் நகரத்தின் நிறம் நீலமும் சிவப்பும், அரசருக்கு வெள்ளை. இந்த மூன்றையும் சேர்த்துத் தொப்பியில் குத்துகிற ரிப்பன் பூவாக்கினார்கள். கட்சி மாநாட்டில் நாம் சட்டையில் குத்துவோமே, அந்த மாதிரி. அதற்குத்தான் முதலில் திரிகொலோர் என்ற அடைமொழி. 1794 பிப்ரவரியில் அதே மூன்று நிறமும் நீலம், வெள்ளை, சிவப்பு என்று நெட்டுக்குத்தான பட்டைகளாக நாட்டுக் கொடியாயின. மூன்று பட்டைக் கொடி அதற்கு முன்பே டச்சுக்காரரிடம் இருந்தது, 17ஆம் நூற்றாண்டிலேயே சிவப்பு, வெள்ளை, நீலம் என்று படுக்கைவாட்டில் கட்டிக்கொண்டு கப்பல் விட்டார்கள். ஆனால் 'மூன்று நிறம்' என்பதையே கொடியின் பெயராக்கி, அரசன் கொடி இல்லை, மக்கள் கொடி என்ற அர்த்தத்தை அதில் ஏற்றியது பிரெஞ்சுக்காரர். அதைப் பார்த்து 1797இல் வட இத்தாலியில் பச்சை, வெள்ளை, சிவப்பு. 1848இல் அயர்லாந்தில் பச்சை, வெள்ளை, ஆரஞ்சு. அரசனை எதிர்த்தவன், அடுத்தவன் ஆட்சியை எதிர்த்தவன் எல்லாம் மூன்று பட்டையைத் தூக்கினான்.

இப்போது நாலு நிறக் கணக்கு. டிரைகலர் என்று சொல்லும்போது எண்ணுவது பட்டையை, மொத்த நிறத்தை இல்லை. பிரிட்டன் கொடியிலும் சிவப்பு, வெள்ளை, நீலம் மூன்றுதான், அமெரிக்கக் கொடியிலும் அதே மூன்றுதான், இரண்டையும் யாரும் டிரைகலர் என்று சொல்வதில்லை. நம் கொடியை 1947 ஜூலை 22 அன்று அரசியல் நிர்ணய சபையில் நேரு முன்மொழிந்தபோது, அந்தத் தீர்மானத்திலேயே கேசரி, வெள்ளை, கரும்பச்சை மூன்றும் சம அளவில் படுக்கைவாட்டில் அமைந்த மூவர்ணம் என்று முதலில் சொல்லிவிட்டு, அப்புறம்தான் வெள்ளைப் பட்டையின் நடுவில் கடல்நீலச் சக்கரம் என்று வருகிறது. சக்கரம் பட்டையின் மேல் ஏறி உட்கார்ந்த விருந்தாளி, கணக்கில் சேராது. அதில் ஆரக்கால் 24.

சுதந்திர இந்தியாவின் முதல் தபால்தலையும் இந்தக் கொடிதான், 1947 நவம்பர் 21, மூன்றரை அணா. என்னிடம் இருப்பதில் ஒரு மூலை பல் உடைந்திருக்கிறது, இருந்தாலும் கொடுக்க மாட்டேன்.

கீழடிக்காரன்:

எல்லாம் சரி, வர்ணம் என்று எழுதினாலே எனக்கு நால்வருணம்தான் ஞாபகம் வருகிறது. நிறம் என்று நல்ல தமிழ்ச்சொல் இருக்கும்போது எதற்கு இதைக் கட்டி அழ வேண்டும்? முந்நிறக் கொடி என்று போடுங்கள். வாத்தியார் ஐயாவே முந்நூறு, முந்நீர் என்று வழி காட்டிவிட்டார்.

அப்புறம் இன்னொன்றைக் கவனித்தீர்களா? திமுக கொடியை எல்லோரும் இருவண்ணக் கொடி என்றுதான் சொல்கிறோம், இருவர்ணக் கொடி என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? தேசியக் கொடி மட்டும் மூவர்ணம். கதர்ச்சட்டைக்காரர்கள் பேச்சில் வர்ணம், கறுப்பு சிவப்பு வேட்டிக்காரர்கள் பேச்சில் வண்ணம். எந்த மேடையில் வளர்ந்த சொல் என்பது அதிலேயே தெரிகிறது.

மேலூர் வாத்தியார்:

தம்பி சொன்ன இருவண்ணக் கொடி நல்ல சாட்சி, எனக்குத் தோன்றவில்லை. ஆனால் வர்ணத்தைத் தள்ளினால் வண்ணத்தையும் தள்ள வேண்டிவரும், இரண்டும் ஒரே வயிற்றுப் பிள்ளை, ஒன்று நம் வீட்டில் வளர்ந்தது. முந்நிறம் இலக்கணப்படி அழகாகவே இருக்கிறது. சுவரில் எழுதினால் பத்தில் எட்டுப் பேர் 'முன்னிறம்' என்று எழுதி என்னை முன்னதாகவே மேலே அனுப்பிவிடுவார்கள்.

மஹால் ஏழாவது தெரு:

எங்கள் வீட்டில் பேச்சு தெலுங்கு, மதுரைக்கு வந்து எத்தனை தலைமுறை என்று யாருக்கும் கணக்குத் தெரியாது. பாட்டி இந்தக் கொடியை 'முவ்வன்னெல ஜெண்டா' என்பார். வாத்தியார் சொன்ன முவ்வகை, முவ்வண்ணம் இலக்கணத்தைப் படித்ததும் திக்கென்றது, பாட்டி வாயில் அதே 'முவ்' இருக்கிறதே! தமிழில் புலவர் வாசனை அடிப்பது தெலுங்கில் சாதாரணமாகச் சமையலறையில் புழங்குகிறது. வன்னெ என்பதும் அதே வர்ணம் உருமாறியதுதான் என்று நினைக்கிறேன். அந்த ஊரில் மேடையில் பேசும்போது திரிவர்ண பதாகம் என்பார்களாம், வீட்டில் முவ்வன்னெல ஜெண்டா.

1921இல் பெஜவாடாவில், அதாவது இன்றைய விஜயவாடாவில், காந்தியிடம் கொடி வரைந்து காட்டிய பிங்கலி வெங்கய்யா தெலுங்குக்காரர் என்பதில் பாட்டிக்கு ஒரு பெருமை. அது முதலில் சிவப்பும் பச்சையும் இரண்டே நிறம்தான், வெள்ளையும் ராட்டையும் பிறகு சேர்ந்தது என்று சொன்னால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

தபால்தலைத் தாத்தா:

பேத்தி சொல்வது சரி, பாட்டி கோபித்துக்கொண்டாலும் சரி. ராட்டைக் கொடியில் அப்போது வெள்ளை மேலே, பச்சை நடுவில், சிவப்பு கீழே. 1931இல்தான் காங்கிரஸ் சிவப்பை எடுத்துவிட்டு, கேசரி மேலே, வெள்ளை நடுவில், பச்சை கீழே என்று ஆக்கியது, ராட்டை நடுவில். நிறத்துக்கு மதக் கணக்குப் பார்க்கக்கூடாது என்று அப்போதே எழுதி வைத்தார்கள். 1932 ஜனவரியில் திருப்பூர்க் குமரன் அடிபட்டு விழும்போதும் கையை விட்டு விடாமல் பிடித்திருந்தது இந்த ராட்டைக் காலத்துக் கொடியை. சக்கரக் கொடி வர இன்னும் பதினைந்து வருடம் இருக்கிறது. சுவரில் படம் வரைகிறவர்கள் பலரும் குமரன் கையில் அசோகச் சக்கரத்தைக் கொடுத்துவிடுகிறார்கள்.

மூன்று நிறம் இன்னும் முன்னாலேயே வந்துவிட்டது. 1906 ஆகஸ்ட் 7 கல்கத்தாவில் ஏற்றியது பச்சை, மஞ்சள், சிவப்பு. அடுத்த வருடம் ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டில் விடுதலைப் போராளி காமா அம்மையார் விரித்துக் காட்டியதும் மூன்று பட்டை. இரண்டிலும் நடுப்பட்டையில் வந்தே மாதரம். நிறம் மாறியது, நடுவில் இருப்பது மாறியது, மூன்று என்ற கணக்கு மட்டும் மாறவில்லை.

தையல் கடை முருகன்:

படித்தவர்கள் பேசுகிற இடத்தில் வருகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். புது மண்டபத்தில் அப்பா காலத்திலிருந்து மிஷின் போட்டிருந்தோம், அங்கிருந்து குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிய பிறகு அங்கேதான் கடை. சித்திரை மாதம் அழகருக்கு வேஷம் கட்டுகிறவர்களுக்கு உடை, மற்ற மாதம் கட்சிக் கொடி, தொம்பை, சாமி குடை.

எங்கள் வாயில் மூவர்ணமும் கிடையாது மூவண்ணமும் கிடையாது. 'மூணு கலர்' என்போம். சுற்றுப்பட்டு ஊரிலிருந்து வருகிற வயதானவர்கள் இன்னும் தேசியக் கொடியைக் 'காங்கிரஸ் கொடி' என்றுதான் கேட்பார்கள். கை போட்டதா, சக்கரம் போட்டதா என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்டுக்கொண்டுதான் விலை சொல்வேன். தேசியக் கொடியை முன்பெல்லாம் நாங்கள் தைப்பதே இல்லை, கதர்க்கடையில் போய் வாங்குங்கள் என்று அனுப்பிவிடுவோம். 2021 கடைசியில் விதி மாறி மிஷினில் நெய்ததும் பாலியஸ்டரும் கூடும் என்று ஆன பிறகுதான் எங்களிடமும் கேட்டு வர ஆரம்பித்தார்கள். அளவு எல்லாம் கட்டுத்திட்டம். நீளம் மூன்று பங்கு என்றால் உயரம் இரண்டு பங்கு, தொள்ளாயிரத்துக்கு அறுநூறு மில்லிமீட்டர் என்றால் ஒரு பட்டை சரியாக இருநூறு வர வேண்டும். தையலுக்கு விடுகிற துணியைக் கணக்கில் சேர்க்காமல் வெட்டினால் நடுப்பட்டை ஒல்லியாகிவிடும், இரண்டு பக்கமும் தையல் தின்பது அதைத்தான். வெள்ளையை மட்டும் கொஞ்சம் கூடுதலாக வெட்ட வேண்டும். புதுப் பையன் முதலில் தப்பு விடுகிற இடம் அதுதான்.

நான் கேட்க வந்தது வேறு. தாத்தா கேசரி கேசரி என்கிறாரே, பள்ளிக்கூடப் புத்தகத்தில் காவி என்று இருக்கிறதே? காவித்துணி என்று சொல்லிக் கேட்டால் துணிக்கடைக்காரர் சாமியார் கட்டுகிற அந்த மங்கலான செம்மண் கலரை எடுத்துப் போடுகிறார். கொடியில் இருப்பது அது இல்லையே.

மேலூர் வாத்தியார்:

முருகா, நீ மிஷினில் உட்கார்ந்து கண்டுபிடித்ததைப் புத்தகம் எழுதுகிறவர்கள் கண்டுபிடிக்கவில்லை. காவி என்பது காவிக்கல்லின் நிறம். கோயில் மதிலில் சுண்ணாம்புப் பட்டையும் செம்பட்டையும் மாறி மாறி அடித்திருப்பார்களே, மார்கழிக் கோலத்தைச் சுற்றி ஓரம் கட்டுவார்களே, அந்தச் செங்கல் சிவப்பு. கேசரி என்பது குங்குமப்பூ. பாலில் ஊறவைத்தால் வருகிற ஆரஞ்சும் மஞ்சளும் கலந்த நிறம். அசல் தீர்மானத்தில் இருப்பது கேசரி. தமிழில் கேசரி என்றால் ரவையும் நெய்யும் முந்திரியும் என்று ஆகிவிட்டதால், கொடியில் கேசரி என்று எழுதக் கூச்சப்பட்டுக் காவி என்று எழுதிவிட்டார்கள் போல, இது என் ஊகம். துணிக்கடையில் குங்குமப்பூக் கலர் என்று கேள், இல்லாவிட்டால் பேசாமல் கேசரிக் கலர் என்றே கேள், சரியாக எடுத்துப் போடுவான்.

மஹால் ஏழாவது தெரு:

சுதந்திர தினத்துக்குக் கேசரி கொடுப்பதற்குக் காரணம் இப்போதுதான் புரிகிறது.

வடக்குமாசிக் கோவிந்தன்:

மீனாட்சி கோயிலைச் சுற்றி வெளியூர்க்காரர்களுக்கு ஊர் காட்டுகிறவன் நான். அக்கா கேட்ட "நம்மிடம் முன்பே இருந்ததா" என்ற கேள்விக்கு இன்னும் யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை என்று தோன்றுகிறது, அதனால் எழுதுகிறேன்.

கொடி நம்மிடம் ஏராளம். மதுரைக்காஞ்சியில் இந்த ஊர் அங்காடித் தெருவைப் பற்றி வருகிற இடத்தைப் பாருங்கள், திருவிழாவுக்கு ஏற்றிய கொடி, கோட்டையைப் பிடித்ததற்கு ஏற்றிய கொடி, போரில் ஜெயித்ததற்கு ஏற்றிய கொடி, கடைசியில் கள்ளுக்கடைக் கொடி வரைக்கும் வரிசையாக வருகிறது. சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் ஊருக்கு வெளியே வந்து நிற்கும்போது மதில்மேல் கொடி காற்றில் அசைவது, வராதீர்கள் வராதீர்கள் என்று கையை ஆட்டித் தடுப்பது போல இருந்ததாம். நான் வெளியூர்க்காரர்களிடம் இதைச் சொல்லும்போது ஒரு நிமிடம் எல்லோரும் மேலே பார்ப்பார்கள், மேலே இருப்பது கேபிள் ஒயர்.

ஆனால் அந்தக் கொடிகளுக்குப் பெயர் எப்படி வைத்தார்கள் என்று பாருங்கள். பாண்டியனுக்கு மீன்கொடி, சோழனுக்குப் புலிக்கொடி, சேரனுக்கு விற்கொடி. திருப்பரங்குன்றத்து முருகனுக்குச் சேவற்கொடி, பெருமாளுக்குக் கருடக்கொடி, பலராமனுக்குப் பனைக்கொடி, துரியோதனனுக்கு அரவக்கொடி. எல்லாம் உருவம். நிறம் இல்லாமல் இல்லை, புறநானூற்று யானைகளின்மேல் பல நிறக் கொடி கலந்து ஆடுகிறது. ஆனாலும் யார் கொடி என்று அடையாளம் சொல்ல நிறத்தைப் பிடிக்கவில்லை, துணியில் எழுதிய உருவத்தைப் பிடித்தார்கள். இன்றைக்கும் சித்திரைத் திருவிழாக் கொடியேற்றத்தன்று நம் கொடிமரத்தில் ஏறுகிற துணி என்ன நிறம் என்று யாரையாவது கேளுங்கள், தலையைச் சொறிவார்கள். நந்தி போட்டிருக்கும் என்று மட்டும் சொல்வார்கள்.

நிறத்தையே பெயராக வைக்கிற வழக்கம் நமக்குப் புதுசு. செங்கொடி, கருப்புக்கொடி, இருவண்ணக் கொடி, மூவர்ணக் கொடி எல்லாம் மேடைப் பேச்சும் ஊர்வலமும் வந்த பிறகு வந்தவை. தாத்தா சொன்ன பாரீஸ் ரிப்பன்தான் சுற்றிச் சுற்றி இங்கே வந்து, வடக்கே திரங்கா ஆகி, தெலுங்கில் முவ்வன்னெ ஆகி, நமக்கு மூவர்ணம் ஆனது. பாரதியார் தாயின் மணிக்கொடி என்று பாடினாரே, அதில்கூட மூன்று நிறத்தைப் பற்றிப் பேச்சு இல்லை, வந்தே மாதரம் என்ற எழுத்து, இந்திரனின் வச்சிரம், இளம்பிறை என்று உருவத்தைத்தான் சொல்கிறார், பழைய தமிழ்ப் பழக்கம் விடவில்லை. அவர் 1904இல் இங்கே சேதுபதி பள்ளிக்கூடத்தில் கொஞ்ச மாதம் தமிழ் வாத்தியாராக இருந்தவர் என்பதால் நான் சுற்றுலாவில் இதையும் சேர்த்துவிடுவேன்.

கீழடிக்காரன்:

அப்படிப் பார்த்தால் நம் கணக்குப்படி அது மூவர்ணக் கொடியே இல்லை, சக்கரக் கொடி. அண்ணே, செம!

காரைக்கால் மருமகள்:

நான் பிறந்தது காரைக்கால், வாக்கப்பட்டது சோழவந்தான். எங்கள் ஊரில் 1954 நவம்பர் 1 வரைக்கும் பிரெஞ்சுக் கொடிதான், நெட்டுக்குத்தாக மூன்று பட்டை. என் தாத்தா சொல்தா, பிரெஞ்சுப் பட்டாளத்து பென்ஷன்காரர். ஜூலை 14 வந்தால் கோட்டு மாட்டி மெடல் குத்திக்கொண்டு பாண்டிச்சேரிக்குப் போவார், ஆகஸ்ட் 15 வந்தால் வேட்டி கட்டிக்கொண்டு தெருமுனையில் மிட்டாய் கொடுப்பார். இரண்டு கொடியையும் 'மூணு கலரு' என்றுதான் சொல்வார், முருகன் அண்ணன் சொல்கிற மாதிரியே. எது என்று கேட்டால், "நின்னுக்கிட்டு இருந்தா அவனுது, படுத்துக்கிட்டு இருந்தா நம்மளது" என்பார்.

தபால்தலைத் தாத்தா:

இதை நான் என் ஆல்பத்தின் முதல் பக்கத்தில் எழுதி வைக்கப்போகிறேன். ஆனால் படுத்திருப்பதெல்லாம் நம்முடையது என்று நம்பிவிடாதீர்கள். ஆப்பிரிக்காவில் நைஜர் என்ற நாட்டுக் கொடியும் ஆரஞ்சு, வெள்ளை, பச்சை, படுக்கைவாட்டில், நடுவில் சக்கரத்துக்குப் பதில் ஆரஞ்சு வட்டம். அந்த நாட்டுத் தபால்தலையைப் பார்த்து அச்சுப் பிழை உள்ள இந்தியத் தலை என்று நினைத்து ஒருவர் என்னிடம் ஐந்நூறு ரூபாய்க்கு விற்கப் பார்த்தார்.

அச்சுக்கடை அக்கா:

எல்லோருக்கும் நன்றி. காலையில் போன் போட்டுத் தாளாளரிடம் வாத்தியார் ஐயா சொன்னதைச் சொன்னேன், முவ்வண்ணமும் சரி, மூவண்ணமும் சரி, மூவர்ணமும் வழக்கில் உள்ளது என்று. அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்போ தேசியக் கொடின்னே போட்டுருங்கம்மா" என்றார். அழைப்பிதழ் அப்படியே போய்விட்டது, க் ஒற்று சேர்த்துத்தான் ஐயா. புரூப்பில் கையெழுத்தும் வாங்கிவிட்டேன் பாண்டி.

மகளுக்குப் பதில் சொல்ல வேண்டுமே என்று கோவிந்தன் தம்பி எழுதியதைப் படித்துக் காட்டினேன். பாண்டியன், சோழன், சேரன் என்று வந்ததும், "அப்போ மூவர் கொடி இவங்க மூணு பேரோடதுதான்" என்று முடிவு கட்டிவிட்டாள். திருத்தப் பார்த்தேன், கேட்கிற மாதிரி இல்லை.

திருப்பி அனுப்பிய பிளக்ஸைப் பாதியாக வெட்டி ஒரு பாதியை மொட்டை மாடியில் வடகம் காயவைக்க விரித்திருக்கிறேன். "மூவர்" இருக்கிற மறுபாதி சும்மாதான் கிடக்கிறது, முருகன் அண்ணனுக்குக் கடை முன்னால் வெயிலுக்குக் கட்ட வேண்டும் என்றால் வந்து எடுத்துக்கொள்ளலாம்.

தையல் கடை முருகன்:

சாயங்காலம் பையனை அனுப்புகிறேன் அக்கா. ஓரத்தில் ஓட்டை போட்டுத்தானே இருக்கிறது?